பதினொரு ஏழு

மங்கலம் கால்பந்துக் குழு முதல் வருசம் போட்டது
ஏற்றுமதியில் கழிந்த பனியன்.
முதுகுக்கு முதுகு ஏழு.

"ஏழாம் நம்பரு, வெளிய போப்பா" என்றார் நடுவர்.
"நானுங்களா?" என்றோம்
பதினொரு பேரும்.
சிக்கந்தர் மட்டும் சிரித்தான். அவனை அனுப்பினார்.

ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி.
பல்லடத்தில் ஒன்பது கோல்:
நைட் ஷிப்ட் முடித்து வந்த சென்னியப்பன்
கோல் கம்பத்தில் சாய்ந்து தூங்கிவிட்டான் என்பார்கள்.
கம்பமே கிடையாது. இரண்டு செருப்பு.

கடைசியாக அவிநாசி. நாலுக்கு ஒன்று.
அந்த ஒன்று
யார் முழங்காலில் பட்டதோ, ஒரே புழுதி.
நோட்டில் அர்த்தநாரி எழுதினான்:
அடித்தவர், ஏழு.

ராத்திரி டெம்போவில் பதினொரு பேரும் அடித்தோம் அதை,
மங்கலம் வரை.
பேக்கரியில்
டீக்குக் காசு கேட்டபோது
எல்லோரும் பார்த்தோம்
அடுத்தவன் முதுகை.