கப்பல் பக்கம்

சனிக்கிழமை பிற்பகல். நியூபோர்ட் துறையில்
ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று
நனைந்த முதுகோடு வந்து நின்றது. பெயர் இல்லை, எண்தான்.
நாங்கள் இன்னும் யாரோடும் சண்டையில் இல்லை;
வேடிக்கை பார்க்கப் போனோம்.

படகுக்கார மெடைரஸ் தலைக்குப் பத்து சென்ட் வாங்கினான்.
அதன் வயிற்றுக்குள்
எண்ணெயும் வெங்காயமும் ஊறிய வாடை.
ஒரு மாலுமி, என் தம்பி வயதுதான் இருக்கும்,
தாடி மட்டும் கிழவனுடையது,
என் கட்டிலிருந்து ஒரு பேப்பர் கேட்டான், சைகையில்.
இரண்டு சென்ட் தந்தான்.
மேலே ஒரு பித்தளைப் பொத்தானும்.

போர்ச் செய்தியை அவன் படிக்கவில்லை.
பேஸ்பால் படத்தைத் தாண்டிப் போனான்.
எந்தக் கப்பல், எந்தத் துறை, என்றைக்கு
என்று பொடி எழுத்தில் போடுவார்களே, அந்தப் பக்கம்.
விரல் இறங்கியது வரிவரியாய்,
மளிகைச் சிட்டையில் இறங்குகிற மாதிரி.

மூன்று மணி நேரம்கூட இல்லை, போய்விட்டது.

ஞாயிறு நள்ளிரவில்
நம் போர்க்கப்பல்கள் கொண்டுவந்து இறக்கின
போர்வை சுற்றிய ஆட்களை.
ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒரு சமையல்காரன்
தன் கப்பலின் பெயரைச் சொன்னான்.
எனக்குத் தெரியும்.
நாலாவது வரி.

பொத்தானைக் கடலில் எறிந்துவிட்டேன்.
அந்த இரண்டு சென்ட்டை என்ன செய்ய?
அன்றைக்கே ரொட்டி வாங்கித்
தின்றும் விட்டோம்.