உப்பளத்து மாதா குனிந்த இடம்

ஆகஸ்டு பதினைந்து. நாற்பத்திரண்டு தோள்கள்.
மாதாவின் எடை எண்ணூறு கிலோ என்பார்கள்.
வெனேராந்தோ கொடுத்த வெள்ளிக் கிரீடம் ஏறியபின்
எண்ணூற்றுப் பதினொன்று.
அந்தப் பதினொன்றும் என் இடத்தோளில்தான்.

சிசிலியின் இந்த மூலையில் சப்பரத்துக்குச் சக்கரம் கிடையாது.
கழுத்தெலும்பே அச்சாணி.
நாடாவில் குத்திய நோட்டுகள் படபடக்க
ஊர்ந்துபோகிறோம், வெயிலில், பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால்.

பச்சைக் கதவு வீட்டெதிரே மணி மூன்று தட்டும்.
முன்வரிசை முழங்கால் மடக்கும்.
பின்வரிசை எம்பி நிற்கும்.
மாதா குனிவாள்.
போன வருஷம் அரைக் குனிவு:
கோயில் கூரைக்குத் தகரம் தந்திருந்தார்.
இந்த வருஷம் முழுக் குனிவு.
மாடியில் வெனேராந்தோ
நாற்காலியைவிட்டு எழக்கூட இல்லை.
பாதிரியார் அந்த நேரம் பார்த்துச் செருப்பு வாரைச் சரிசெய்தார்.

சிரிக்கத்தான் வாயெடுத்தேன்.
என் பையிலும் ஒரு சீட்டு இருக்கிறதே:
'ஒன்பதாவது வருஷம். மிம்மாவின் வலது கண்.
இன்னும் இல்லை.'
தவணை தவறியவனுக்கு
வட்டிக்காரன் அனுப்பும் கடிதம் மாதிரி.
நேர்த்திக்கடன் என்கிறோம்.
கடன்பட்டது யார் என்று மட்டும்
உரக்கக் கேட்டுக்கொள்வதில்லை.
அவர் வைத்தது கிரீடம், நான் வைத்தது கழுத்தெலும்பு,
கடை ஒன்றுதான்.

உப்புக்கிடங்குச் சந்து ஏற்றம்.
மூச்சு முட்டும் இடத்தில் ஜெசுவால்தா.
மீன் வெட்டும் பலகை நிறைய எலுமிச்சைத் துண்டுகள்,
மேலே கல்லுப்பு.
எங்கள் தலைக்குமேல் யார் வருகிறாள் என்று
நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
கைகள் சுமையில் இருந்ததால்
வாய் வாயாகத் திணித்துக்கொண்டே வந்தாள்.
விரலில் மத்தி நாற்றம்.
"உனக்கென்ன வேண்டுதல், அக்கா?" என்றான் பக்கத்துத் தோள்காரன்.
"தோலைத் தெருவில் துப்பாதே. பின்னால் வருகிறவன் வழுக்குவான்."
அவள் கேட்டது அவ்வளவுதான்.

வெனேராந்தோவை ஊரில்
கொடுத்து வைத்தவர் என்பார்கள்.
மெய்தான். கொடுத்தார், வைத்திருக்கிறார்.
இவள் கொடுத்தாள்.
பலகையைக் கழுவப் போய்விட்டாள்.

தோலைப் பல்லில் கடித்தபடியே கோயில்வரை சுமந்தேன்.
இறக்கியதும் பையில் போட்டேன்.
இரவு, சட்டையைக் கழற்றும்போது
தோளில் கிரீடத்தின் எடை கன்றிச் சிவந்திருந்தது.
பையில் சீட்டும் தோலும் ஒட்டிக் கிடந்தன.
மை ஊறிக் கரைந்திருந்தது.
வருஷம் தெரியவில்லை. கண் தெரியவில்லை.
மிம்மா என்ற பெயரை மட்டும்
படிக்க முடிந்தது.