காபா, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி

அவிநாசி சாலையில் பாரம் ஏற்றிய லாரி போனால்
அடித்தளத்துக் காந்தத்துக்குத் தெரிகிறது என்பது என் கட்சி.
பொறியாளர் சிரிப்பார்.
இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைதான் அளக்கிறோம்.

துளசிமணிக்குப் பல்லடத்து நூல் மில்லில், ஆய்வகத்தில் வேலை.
ஒரே தலையை ஒரே நாளில் இரண்டு முறை அளக்கச்
சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்.
கொண்டையிலிருந்து பதினொரு ஊசி எடுத்து வைத்தேன்.
"பன்னெண்டுங்க" என்றார்.
பன்னிரண்டாவது பின்னலுக்குள் இருந்தது.
அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

புருவங்களுக்குப் பின்னால், நடுவில்
ஒரு கட்டம் வரைகிறேன்,
கவுந்தப்பாடி அச்சுவெல்லம் ஒன்றின் அளவு.
எலும்புப் பக்கம் நகர்ந்தால் கொழுப்பின் இரைச்சல் உள்ளே வரும்.
அந்தக் கட்டத்துக்குள் ஊசி போகாது, கத்தி போகாது.
கேள்வி மட்டும் போகிறது.
திரும்பி வருவதில் பெரும்பகுதி தண்ணீர்.

சிறுவாணி மதகைத் திறந்துவிட்டது போல
தண்ணீர், தண்ணீர்.
அதன் வாயைப் பொத்திவிட்டுத்தான்
பத்தாயிரத்தில் ஒரு பங்காய் முனகும் காபாவைக் கேட்க வேண்டும்.
அதுவும் தனியாக நிற்பதில்லை,
கிரியேட்டினின் முதுகுக்குப் பின்னால் ஒண்டியிருக்கிறது.
ஒரு முறை தட்டி, ஒரு முறை தட்டாமல்,
நூற்றறுபது ஜோடி.
பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து
மிஞ்சுகிற சின்னது அது.
நடுவில் அவர் தலையசைத்தால்
மிஞ்சியது பொய்.

முதல் அளவு 1.84.
இறக்கிவிட்டேன். கழிவறை, வெந்நீர்,
போனில் யாரிடமோ,
"ஒரு மணிக்கு வந்துருவேனுங், பருப்பை ஊற வெச்சுருங்க."
மறுபடி ஏற்றினேன். அதே கட்டம், அதே கோணம்,
அதே என்று நான் சொல்கிற கோணம்.
2.11.

காலையிலிருந்து ஓடிய காந்தம் நழுவியிருக்கலாம்.
கட்டம் ஒரு மில்லிமீட்டர் சரிந்திருக்கலாம்.
பருப்பாகவும் இருக்கலாம்.

அலமாரியில் ஒரு கண்ணாடி உருண்டை வைத்திருக்கிறோம்,
மூளையின் உப்புகளைக் கரைத்து ஊற்றி மூடியது.
அதற்கு ஷிஃப்ட் இல்லை, மாதச் சீட்டு இல்லை,
ஒரு மணிக்கு யாரும் எதிர்பார்ப்பதில்லை.
அதுவே திங்களும் வியாழனும்
ஒரே எண்ணைச் சொன்னதில்லை.

துளசிமணி திரையில் விரல் வைத்தார்.
"எங்க மில்லு சார்ட்டாட்டவே இருக்குதுங்.
இங்க தடிமன், இங்க மெலிவு.
உங்குளுது சி.வி. எத்தனைங்?"

பன்னிரண்டு சதவீதம் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
"நாப்பதாம் நம்பருல ரெண்டைத் தாண்டுனாலே
திருப்பூர்க்காரங்க லாட்டைத் திருப்பி உட்ருவாங்க."

நூலை அறுத்து எடை போடலாம் என்றேன்.
உங்களை முடியாதே.

"அதுஞ் செரிதானுங்."

மூன்றாம் மாடியில் ஒரு மருத்துவர் காத்திருக்கிறார்.
மனச்சோர்வில் இருப்பவர்களுக்குக் காபா
பத்து சதவீதம் குறைவு என்று அவருக்கு எழுத வேண்டும்.
பன்னிரண்டு ஆடுகிற தராசில்
பத்தை நிறுக்கச் சொல்கிறார்.
நிறைய பேரை ஏற்றினால் ஆட்டம் அடங்கும் என்பார்.
அடங்கும்தான், நூறு பேருக்குச் சேர்த்து.
இதோ இந்த ஒருத்திக்கு அடங்காது.

அறிக்கையில் நாங்கள் காபா என்று மட்டும் எழுதுவதில்லை,
பக்கத்தில் ஒரு கூட்டல் குறி.
பேர் தெரியாத பெருத்த மூலக்கூறுகளும்
அதே மேட்டில் ஏறி நிற்கின்றன,
எங்களால் பிரிக்க முடியவில்லை
என்பதற்கான ஒப்புதல் அது.
எங்கள் தொழிலில் நான் பார்த்த நேர்மையான எழுத்தும் அதுதான்.

ஊசிகளை ஒவ்வொன்றாகக் கொண்டையில் செருகிக்கொண்டே,
"இதுல எதுங் என்ற நம்பரு?"

இரண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.
இரண்டுமில்லை என்றும்.

"வேணும்னா மூணாவது தடவை ஏறட்டுங்களா?
பருப்பு ஊறீட்டுத்தான் இருக்கும்."

கடைசி ஊசியை மறுபடி உருவினார்.
தலைக்கு மேலே சாலையில் ஒரு லாரி போனது,
அல்லது போகவில்லை.