நான்கு நிமிடம்

ஆசாரிபள்ளம், காலை எட்டே கால்.
மோதிரம் கழற்றி, முழங்கைவரை கழுவி
கை சூடாகட்டும் என்று நிற்கிறேன்.

வார்மரின் கீழே
சகாய ஜெனிற்றாவின் குழந்தை – 2.
ஒன்றாம் எண் அட்டையை யாரோ கழற்றியிருக்கிறார்கள்.
ஆயிரத்து நாற்பது கிராம்.
பெயர் வைக்க அப்பா வரவேண்டும்;
குளச்சலிலிருந்து தங்கு கடலுக்குப் போனவன்,
கரைக்கு இன்னும் ஒன்பது நாள்.

துண்டைச் சுருட்டிச் சுற்றிலும் அணை கட்டுகிறேன்.
சிதறிக் கிடக்கும் கால்களை வயிற்றோடு மடித்து
ஒரு கையை உதட்டருகே கொண்டுவருகிறேன்.
இந்தா, இதுதான் உன் வாய்.

"நீவி விடமாட்டியளா?
எங்க ஊருல எண்ணெ போட்டு உருவுவாவ"
தையலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் ஜெனிற்றா.
உருவுகிற அளவுக்கு இன்னும் தோல்...
எண்பத்தெட்டு.
எண்பத்திரண்டு.
மானிட்டர் கத்துகிறது.

கையை எடுக்கவில்லை. அசைக்கவும் இல்லை.
தலையில் ஒன்று, பாதத்தில் ஒன்று,
சும்மா வைத்திருக்கிறேன்.
நாலரை வருடப் படிப்பில்
இதற்கு மதிப்பெண் போட்டதில்லை யாரும்.

எண்பத்தாறு.

தொண்ணூற்றொன்று.

பயிற்சி: நான்கு நிமிடம், என்று எழுதிவிட்டு
ஜெனிற்றாவின் கையைக் கூட்டிவந்து
என் கை இருந்த இடத்தில் வைக்கிறேன்.
அவள் அடக்கிக்கொண்டாள்.

மூச்சு விடுங்க, என்றேன்.