முகவெட்டு

இப்ரிக்கு வடக்கே மலை கருக்கத் தொடங்கினால்
நஜிமுதீன் தண்ணீர் லாரியை ஓரங்கட்டிவிட்டு
போன் போடுவான்: "கிளம்பிட்டியா?"
நான் யார் வீட்டு மொட்டைமாடியிலோ
ஏசிக்கு கேஸ் ஏற்றிக்கொண்டிருப்பேன்.
ஆடி மாதம். நிழலிலேயே நாற்பத்தாறு.

பதினோரு கோடை இப்படிப் போயிற்று.

ராத்திரி அறையில், கட்டிலுக்கு மேல் கட்டில்,
வருஷங்களை எடுத்துப் பரப்புவோம்
தரகர் கொண்டுவந்த போட்டோக்களைப்போல.
இது உயரம்தான், கழுத்தைக் காணோம்.
இது நல்ல நிறம், ஆனால் கால் தரையில் பாவவில்லை.
இதைப் பார், கூட்டத்தோடு நிற்கிறது,
பொண்ணு எதுன்னே தெரியல.

சம்பளம் மூன்று மாதம் நின்ற வருஷம்
பதினேழு சுழல்கள்.
ஒன்றுக்கும் முகவெட்டு இல்லை.
வாய் கட்டாத சிமென்ட் மூட்டையை
யாரோ உதைத்த மாதிரி எல்லாம்.
கேம்ப் கூரையில் தகரம் பாதி போயிற்று,
படம் ஒன்றுகூடத் தேறவில்லை.

நஜிமுதீனின் உம்மா மௌத்தான வருஷம்
ஒரே ஒன்று.
தன்ஆம் தாண்டி, உப்புத்தரைக்கு மேலே,
மேகத்திலிருந்து மண்வரை முறுக்கிவிட்ட கயிறு.
சாயும் வெயில் பட்டுச் செம்பாகி
ஒன்பது நிமிஷம் நகராமல் நின்றது.
எங்களுக்காக நின்றதென்று சொன்னால்
சவரியப்பன் சிரிப்பான்.
முப்பத்தோரு படம் எடுத்தான் நஜிமுதீன்.
அழுததாக ஞாபகம் இல்லை எனக்கு.
லென்ஸைத் துடைத்தான், துடைத்தான்,
காற்று அடங்கிய பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

அந்த வருஷத்தை மிஞ்ச எதுவும் வரவில்லை என்பது அவன் கட்சி.
சவரியப்பன் ஒத்துக்கொள்ள மாட்டான்.
"எத்தனை மூட்டைன்னுதான்டா மகசூலைக் கேப்பாங்க.
மூஞ்சியைப் பாத்தா கதிரறுப்பாங்க?"
"உன் கல்யாண ஆல்பத்துல எத்தனை படம்?"
"நானூறு."
"நீ கண்ணைத் திறந்திருக்கிறது?"
விளக்கை அணைக்கச் சொல்லி
கீழ்க்கட்டில்காரர் ஒரு செருப்பை எறிவார்.

போன கோடையில் அது எங்களைத் தேடி வந்தது.
தப்பு எங்கள்மேல்தான், வாதியின் அந்தப் பக்கம்
நின்றிருக்க வேண்டும்.
முதலில் ரேடியோ போயிற்று, அப்புறம் சாலை,
அப்புறம் பானெட்.
பிக்கப்புக்குள் மூன்று பேரும் பழுப்பாக இருந்தோம்.
பல்லில் மணல். கதவை எவனோ வெளியிலிருந்து
பிடித்துக்கொண்டிருந்தான்.
நான் ஒரே ஒரு படம் எடுத்தேன்,
திறந்து பார்த்தால் சாக்கு.

ஆனால் எட்டு கிலோமீட்டர் தள்ளி
ஆட்டுக்குத் தீவனம் ஏற்றி வந்த பலூச்சிப் பையன்
கையில் தேத்தண்ணீர்க் குவளையோடு
ஒற்றைக் கையால் எடுத்துவிட்டான் அதை.
ஊரெல்லாம் சுற்றி எங்களிடமும் வந்தது.
இடுப்பு தனியாக, தோள் தனியாக,
உச்சியில் ஒரு மின்னல்கூட, பூ வைத்ததுபோல.
பதினோரு வருஷத்தில் அப்படியொரு முகவெட்டு
நாங்கள் பார்த்ததே இல்லை.
அப்போதும் பார்க்கவில்லை.

நஜிமுதீன் ஒன்றும் சொல்லாமல்
அடிப்பக்கத்தை விரலால் காட்டினான்.
வெள்ளைப் புள்ளி. எங்கள் வண்டி.

பூங்கோதை வெகுநாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள்,
உங்க படம் ஒண்ணு அனுப்புங்க, பிள்ளை கேட்கிறான்.
போனில் நாலாயிரம் படம் இருக்கிறது.
எதிலும் ஆள் கிடையாது.
ரெசிடென்ட் கார்டில் ஒரு முகம் உண்டு,
அதை நானே இரண்டாம் தடவை பார்த்ததில்லை.
சரியென்று இதை அனுப்பினேன்,
புள்ளியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு.

"மேகம் நல்லாருக்கு," என்று பதில் வந்தது.
"நீங்க எங்க?"

பெரிசு பண்ணிப் பாரு, என்றேன்.

பெரிசு பண்ணியிருக்கிறாள்.
புள்ளி கட்டமாகிவிட்டதாம்,
கட்டத்துக்குள்ளே
இன்னும் நாலு கட்டம்.