இதர செலவினங்கள்

ஐந்துக்குப் பூஜ்யம்.
பூஜ்யம் எங்களுடையது, வழக்கம்போல.

நான்காவது கோல் விழுந்ததும்
பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டாணிக்காரர்
கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்.
நான் போகவில்லை. பதினாறு வருடமாகப் போனதில்லை.
மச்சான் கல்யாணத்தன்று மேளம் அடங்குமுன்
பெரம்பூருக்கு ஷேர் ஆட்டோ பிடித்தவன்.
மழையில் குடையோடு தனியாக உட்கார்ந்தவன்.
வசவெல்லாம் மனப்பாடம்:
ஓடுடா டேய், சோறுதானே திங்கற,
பாஸ் போடுடா, உங்கப்பன் வீட்டுச் சொத்தா அது.

இன்று எதையும் கத்தவில்லை.

நேற்று மதியம் நான்தானே தட்டச்சு செய்தேன்,
கணக்குப் பிரிவு, இரண்டாம் மேசை,
இடது மூலையில் என் சுருக்கொப்பம்:
நுழைவாயில் நீரூற்று, ஏழு வண்ண விளக்குகளுடன்,
பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
தாளாளர் ஐயாவின் மணிவிழா மலர், வழவழத் தாளில்.
ஆண்டு விழாவை மேலிருந்து படமெடுக்க ட்ரோன்.
கால்பந்து?
அப்படியொரு தலைப்பே கிடையாது.
இதர செலவினங்களில்,
பினாயிலுக்கும் எலிப்பொறிக்கும் நடுவே,
ஸ்டாக்கிங்ஸ் ஏழு ஜோடி.

ஏழு என்று வாசித்ததும் தணிகைவேல் சார் சிரித்தார்.
பயிற்சியாளர். சம்பளம் மூன்று மாதம் பாக்கி.
"பரவால்ல சார், பாதிப் பேரு
பாதி நேரந்தான் ஓடுறாங்க."

எங்கிருந்து ஓட.
ஒருவன் விடியுமுன் பால் பாக்கெட் போட்டுவிட்டு வருகிறான்,
ஒருவன் நள்ளிரவுவரை யார் யார் வீட்டுக்கோ
பிரியாணிப் பொட்டலம் கொண்டுபோகிறான்.
முன்பு ஆளுக்கு இரண்டு முட்டை கொடுத்தார்கள்.
அந்த ஃபைல் "பரிசீலனையில்" என்று என் மேசைக்கு வந்தது,
அதன்மேல்தான் டீ டம்ளர் வைக்கிறேன்.
வட்டம் வட்டமாகக் கறை,
முட்டை முட்டையாக.

வடக்குக் கம்பத்தின் வலை கிழிந்து
கோல் போட்டால் பந்து நேராக ரயில்வே சுவரில் போய் முட்டும்.
எபினேசர், கோல்கீப்பர், மூன்றாமாண்டு வணிகவியல்,
காசிமேட்டு மாமாவிடம் கெஞ்சி
வஞ்சிரம் பிடித்த பழைய வலையொன்றை வாங்கிவந்து கட்டினான்.
இரண்டு வாரம் மைதானமெங்கும் மீன் வாசம்.
ஐந்நூறு ரூபாயாவது வாங்கித் தரலாமென்று கூப்பிட்டு
ரசீது எங்கே தம்பி என்று கேட்டவன் நான்.
ரசீது இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்றவன் நான்.
அவன் தலையாட்டினான்.
கையுறையின் கிழிசல் தெரியாதபடி
கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

இன்று ஐந்தாவது கோல்
எந்தக் கிழிசல் வழியாகப் போனதென்று
அந்தக் கூட்டத்தில், கூட்டமென்ன, முப்பது பேரில்,
எனக்குத்தான் தெரியும்.

ராத்திரி எட்டரை. மிச்சக் கணக்கை முடித்து இறங்குகிறேன்.
மைதான விளக்கு எரிந்து இரண்டு வருடமாகிறது.
வாசலில் நீரூற்றுக்கு ஒத்திகை,
நாளைக்கு யாரோ பெரிய மனிதர் திறந்துவைக்கிறார்.
அந்த வெளிச்சத்தில்,
ஈரம் காயாத புதுக் கிரானைட்டில், வெறுங்காலோடு
இவன்கள்.
மஞ்சளில் ஒரு பாஸ். இருட்டு. பச்சையில் ஒரு ஹெட்டர்.
தோற்ற அன்றைக்கே.
அடப்பாவிகளா.

பந்து எகிறித் தொட்டிக்குள் போனது.
விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்த வாட்ச்மேன் குப்புராவ்
என்னைப் பார்த்ததும் விசிலை எடுத்தார்.
ஆபீஸ் ஆள். ஏதாவது சொல்ல வேண்டும்.
நீர்த்தாரையின் உச்சியில் பந்து
விழாமல் சுற்றியது,
சிவப்பு, நீலம், பிறகொரு நிறம்,
பில்லில் அதற்கு ஒரு பெயர் இருந்தது, மறந்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றி
பேண்டை முழங்கால்வரை சுருட்டினேன்.

"எறிங்க சார்" என்றான் எபினேசர்,
இரண்டு கையையும் விரித்து.