கழிவுக்குழாயில் பழுதில்லை

முதல் தடவை கூப்பிட்டபோது மே மாதம்.
தெருவோரத்தில் மட்டும் மிச்சப் பனி, அழுக்காக.
வீட்டுக்காரி குத்லாய்க் மூக்கைப் பிடித்தபடி
மாடியைக் காட்டினாள்:
"உள்ளே ஏதோ செத்திருக்கிறது."

நான் குழாய்க்காரன். இருபத்தாறு வருடமாக
ஐஸ்லாந்தின் இந்த மேற்குக் குடாவில்
எந்த வீட்டுக் கழிவு எந்த வளைவில் தேங்கும் என்று
என் கைக்குத் தெரியும்.
தொட்டிக்கு அடியில் கழற்றினேன்.
கொஞ்சம் முடி, ஒரு பட்டாணி, ஒற்றைத் தோடு.
தோட்டைத் துடைத்துச் சன்னலில் வைத்தேன்.
ரசீதில் 'காரணம்' என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

அடுத்தது ஜூலை.
இரவு பதினொரு மணிக்கும் வெயில்,
வெயிலில் எல்லாமே கூடுதலாக நாறும்.
மாடிச் சமையலறையில் இரண்டு பெண்கள்
ஹீட்டருக்கு முன்னால் தோளோடு தோள்
போலீஸைப் பார்த்தவர்கள்போல் நின்றார்கள்.
மரிவிக், பிலிப்பைன்ஸ். போஷேனா, போலந்து.
இருவரும் மீன் ஆலையில் ஒரே மேசை.
நகருங்கள் என்றேன்.
"குழாய் இங்கே இல்லை" என்றாள் போஷேனா.
அதுவும் உண்மைதான்.
சுவரை இரண்டு தட்டு தட்டிவிட்டு
'ஈரப்பதம்' என்று எழுதினேன்.
பொய் எழுதும்போதுதான்
என் கையெழுத்து அழகாக வருகிறது.

குத்லாய்க் விடுகிறவள் இல்லை.
செப்டம்பரில் போனபோது மரிவிக் மட்டும் இருந்தாள்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்.
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு ஹீட்டருக்குப் பின்னாலிருந்து
இரண்டு தயிர் வாளிகளை இழுத்தாள்.
ஒன்று போஷேனாவுடையது.
ரை மாவு, சூப்புக்காகப் புளிக்கிறது,
அது சாது.

மற்றது அவளுடையது.
மார்ச்சில் ஆலை தள்ளிவிட்ட பொடிமீன்,
மூன்று பங்குக்கு ஒரு பங்கு உப்பு.
"எங்கள் ஊரில் வெயிலே பார்த்துக்கொள்ளும்.
இங்கே மின்சாரக் கட்டணம் கட்டுகிறேன்."
மேலே தெளிந்தால் பாதிஸ், அடியில் கிடப்பது பாகோங்.
ரெய்க்யவிக்கில் ஒரு கடையில் கிடைத்ததாம்,
ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் வாங்கினாளாம்.
நிறம் சரி, லேபிளில் ஊர்ப்பெயர்கூடச் சரி,
சீனி போட்டிருந்தான் பாவி.
புளிக்கு ருபார்ப் தண்டு கண்டுபிடித்துவிட்டாள்.
கல்லறைச் சுவரோரம் சும்மா முளைக்கிறது,
யாரும் கேட்பதில்லை.
மாங்காய்க்குத்தான் வழியில்லை.

டர்னிப்பைச் சீவினாள்,
வாளியிலிருந்து கரண்டி நுனியளவு தடவி நீட்டினாள்.
தின்றேன்.
எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை.
என்ன ஞாபகம் வரும் எனக்கு?
ஆனால் இன்னொரு துண்டு கேட்டேன்.
அவள் தனக்கு ஒன்று எடுத்தாள், மென்றாள்,
சன்னலுக்கு வெளியே துறைமுகத்தைப் பார்த்தபடியே
"இல்லை" என்றாள்.
துப்பவில்லை. விழுங்கினாள்.

ரசீதில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
குத்லாய்க் காசும் கொடுக்கவில்லை.

டிசம்பர் இருபத்து மூன்று.
திருக்கை வேகும் நாள்.
மூன்று வாரம் அழுகவிட்டு வேகவைத்தால்
அம்மோனியா மாடிப்படி ஏறும்,
கோட்டுக்குள் புகும், தலைமுடியில் குடியிருக்கும்.
நான் குத்லாய்க்கின் மேசையில்
கண்ணீர் வழியத் தின்றுகொண்டிருந்தேன்.
கதவு தட்டும் சத்தம்.
மூக்கில் கம்பளிச் சால்வையோடு போஷேனா:
"குழாய்க்காரரைக் கூப்பிடவா?"

குத்லாய்க் என்னைப் பார்த்தாள்.
நான் தட்டைப் பார்த்தேன்.
சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது,
முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

மரிவிக் சிரிக்கவில்லை.
நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.
ஒரு விள்ளல் வாயில் போட்டு
ஆலையில் தரம் பார்க்கிறவள்போல
மெதுவாக மென்றாள்.
"எத்தனை உப்பு?"
"உப்பே கிடையாது."
"உப்பே கிடையாதா?"
முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.
"அப்படியானால் என்னுடையதில் அதிகம்.
மார்ச்சில் குறைத்துப் போடணும்."
மார்ச்சுக்கு இன்னும் எத்தனை வாரம் என்று
விரல் மடக்கத் தொடங்கினாள்.

குத்லாய்க் எழுந்துபோய்
அலமாரியின் மேல்தட்டில் எதையோ தேடினாள்.
மூடி இறுக்கமான வாளி.